விருந்தினர் கடன்
தீவகத்துக்கு வருவோர்க்கு ஒரு விண்ணப்பம்

இல்வாழ்வான் கடமைகளை வகுத்துரைக்கப் புகுந்த வள்ளுவர் விருந்தோம்பலுக்கெனத் தனியதிகாரம் ஒன்று அமைத்தார். அவ்வதிகாரம் விருந்தை எதிர்கொள்ளும் வீட்டாரை நோக்கியே பேசுகின்றது. விருந்தாய்ச் செல்வோன் எங்ஙனம் ஒழுகவேண்டும் என்பதற்கு அவர் வேறோர் அதிகாரம் வகுத்தாரல்லர். வீடு தேடி வருபவன் பண்புடையவனாகவே இருப்பான் என்பது அக்காலத்தவர் சொல்லாமலே கொண்ட துணிபு போலும். இக்காலத்துக்கு அத்துணிபு போதாது என்பது எமது கருத்து. வகுக்கப்படாத அவ்வதிகாரத்தின் பொருளை, நாம் பிறந்து வாழும் தீவகத்தை முன்னிட்டு இங்கே சிறிது கூற விழைகின்றோம்.

இதனைக் கூறுதற்குரிய காலமும் இதுவே. கல்லூரியின் விழாவை முன்னிட்டுக் கொழும்பிலிருந்தும், இலண்டன், தொறன்ரோ முதலிய தூரதேசத்து நகரங்களிலிருந்தும் பழைய மாணவர் பலர் மனைவி மக்களுடன் வருகின்றனர். விழா முடிந்த மறுநாள் வானொன்று பிடித்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போய்வருதல் இப்போது வழக்கமாகிவிட்டது. புறப்படுமுன் நம்மிடம் வந்து, "மாஸ்ரர், அங்கே பார்க்க என்ன உண்டு?" என்று கேட்போர் பலர். "அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்போர் மிகச் சிலரே. முதல் வினாவுக்கு விடைகூற வழிகாட்டி நூல்கள் உள. இரண்டாவது வினாவுக்கே இக்கட்டுரை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, பாக்கு நீரிணையின் ஓரத்தில் கிடக்கும் தீவுகளைத் தீவகம் என்கின்றோம். அவற்றுள் மண்டைதீவும் வேலணையும் புங்குடுதீவும் பண்ணைத் தாம்போதி வழியாகவும், காரைநகர் பொன்னாலைத் தாம்போதி வழியாகவும் குடாநாட்டோடு இணைந்தவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்னும் நான்குக்கும் இன்றும் படகே வழி. ஒல்லாந்தர் வந்தபோது வேலணையை லெய்டன் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், அனலைதீவை றொட்டர்டாம் என்றும், காரைநகரை அம்ஸ்ரடாம் என்றும் தம்மூர்ப் பெயர்களால் அழைத்தனர். குடிகளின் நாவில் அப்பெயர்கள் ஏறவில்லை. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மாத்திரம் ஆங்கிலத்தில் வழங்குகின்றது. வருவோர் முதலிற் செய்யக்கூடிய மரியாதை, ஓர் ஊரை அவ்வூரார் அழைக்கும் பெயராலே அழைத்தல். உங்கள் பிள்ளைகளுக்கு நெடுந்தீவு என்று சொல்லிக் கொடுங்கள்.

வந்தோரை எவ்வாறு நடத்தவேண்டும் என்பது தீவகத்துக்குப் புதிய பாடமன்று. நயினாதீவிலே பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்குதல் வேண்டும், அவர்கள் காக்கப்படுதல் வேண்டும் என்று அது கூறுகின்றது. ஊராத்துறை என்பது இக்காலத்து ஊர்காவற்றுறையே. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் சேரும். வாணிகப் பண்டம் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் இருவருக்கும் சரிபாதி சேரும் என்றும் அவ்வாணை விதிக்கின்றது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழிற் பொறித்த இச்சட்டத்தை வரலாற்றாசிரியர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். நாம் கவனிக்கவேண்டியது அதன் உள்ளுறையை. வந்தவனுக்குக் காவல் உண்டு; அவன் பொருளில் இங்குள்ளோர்க்கும் உரிமை உண்டு. விருந்தென்பது இருபாற்பட்ட ஒப்பந்தம் என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதி வைத்தனர். இன்று நாம் விருந்தினரிடம் கேட்பது பொருளிற் பங்கன்று. தண்ணீரிற் சிக்கனமே நாம் கேட்கும் முதற் பங்கு.

கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்த வள்ளுவரின் முறைவைப்பைத் தீவகத்தில் வாழ்வோர் எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தீவுகளில் ஆறில்லை, அருவியில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையோடு வரும் மழையே ஆண்டு முழுவதற்கும் முதல். அம்மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே கீழிறங்கி, அங்கே ஏற்கெனவே ஊறி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் கடல்நீரிலும் இலேசானது ஆதலின் அவ்வாறு மிதத்தல் கூடும். தீவின் நடுவே தடித்தும் கரையோரம் மெலிந்தும், கண்ணாடி வில்லை போன்ற வடிவில் அது கிடக்கும். ஒல்லாந்தரான கைபென் என்பவரும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் கண்ட கணக்கின்படி, நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதனைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலே நிற்குமாயின், கீழே உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி மேலேறிவிடும். ஒருமுறை சவரான கிணறு மீண்டும் நன்னீர்க் கிணறாவதற்கு எத்தனை மாரி வேண்டும் என்று எவராலும் உறுதிகூற இயலாது.

துலா மிதித்து இறைத்த காலத்தில் இவ்வில்லைக்குத் தீங்கு நேரவில்லை. மனிதன் களைத்ததும் துலா நின்றது, கிணறும் ஊறிக்கொண்டது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. இப்போது தீவுகள் சிலவற்றில் உவர்நீரைக் குடிநீராக்கும் பொறிகள் அமைக்கப்பட்டுள்ளன. அவை நல்ல முயற்சிகளே. எனினும் பொறிக்கு மின்சாரம் வேண்டும், பழுதுபார்ப்பான் வேண்டும். பொறி நின்ற நாளில் குடத்தை எடுத்துக்கொண்டு பழைய கிணற்றடிக்கே போகவேண்டியிருக்கின்றது.

இனி, விருந்தினர் வரும் காலத்தை நோக்குவோம். நயினை நாகபூஷணி அம்மன் கோயில் மகோற்சவம் ஆனியில் நிகழ்கின்றது. நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணியில் வருகின்றது. மேலைநாடுகளிற் பள்ளி விடுமுறையும் அக்காலத்தே. ஆகவே, மழை ஓய்ந்து ஆறு ஏழு மாதங் கழிந்து, கிணறுகள் அடிமட்டத்துக்கு இறங்கி, சோழகக் காற்றுப் புழுதி வாரும் காலத்திலேதான் விருந்தினர் கூட்டம் உச்சத்தை அடைகின்றது. தை, மாசியில் வந்தாற் கிணறு நிறைந்திருக்கும், வெய்யிலும் தாழ்ந்திருக்கும். காலத்தைத் தெரிவுசெய்யும் வசதியுடையோர் அப்போது வருக. ஏனையோர் பின்வருவனவற்றையாவது மனங்கொள்ளுதல் நன்று.

தீவூர்களில் நல்ல தண்ணீர்க் கிணறு வேறு, குளிக்குங் கிணறு வேறு. கயிற்றையும் வாளியையும் கண்டவுடன் இறங்கிவிடாமல் எது எதற்குரியது என்று அயலிற் கேளுங்கள். கடலிற் குளித்துவிட்டு வந்து நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் நின்று சவர்க்காரம் போடும் இளைஞர் கூட்டத்தை நாம் ஒருமுறை கண்டோம். பக்கத்தில் இரண்டு பெண்கள் வெறுங்குடத்தோடு, ஒன்றும் சொல்லாமற் காத்து நின்றனர். அவர்கள் சொல்லமாட்டார்கள், வந்தவரைக் கடிதல் எங்கள் ஊர்களில் வழக்கமன்று. அவர்கள் சொல்லாததைச் சொல்லுதற்காகவே நாம் எழுதுகின்றோம். ஒரு வீட்டில் உங்களுக்குச் செம்பில் தண்ணீர் தந்தால் வேண்டிய அளவு குடியுங்கள். மிச்சத்தை முற்றத்தில் வீசவேண்டாம். முகங்கழுவிய நீரையும் வாழையடியில் ஊற்றும் வீடு அது. உங்களுடன் கொண்டுவந்த பிளாத்திக்குப் போத்தல்களை உங்களுடனேயே திரும்பக் கொண்டுபோங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே எறிந்ததும் புதைத்ததும் மழையோடு கிணற்றுக்கே வந்துசேரும்.

தண்ணீருக்கு அடுத்தது படகு. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குத் தரைவழியாக வந்து, அங்கிருந்து நயினாதீவுக்குச் சிறிது நேரத்திலும் நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும் போகலாம். உங்களுக்கு அது உல்லாசப் பயணம். நெடுந்தீவாருக்கு அதுவே பாடசாலைக்கும் கச்சேரிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் உரிய வழி. விடுமுறை நாட்களில் வெளியூர்க் கூட்டம் முண்டியடித்து ஏறியபின், துறைமேடையில் நோயாளியோடு நிற்கும் தாய்க்கு இடமில்லாமற் போதல் உண்டு. அடுத்த படகு எப்போதென்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்தபடியாலேயே அவள் கண் கலங்குகின்றாள். ஆதலின், உள்ளூரார் ஏறியபின் ஏறுங்கள். உயிர்காப்பு அங்கி தந்தால் அணிந்துகொள்ளுங்கள். வாடையிலும் சோழகத்திலும் கடல் பெருக்கும். இன்று படகு போகாது என்று படகோட்டி சொன்னால் அவனோடு வாதாடவேண்டாம், கூடுதற் காசு காட்டவும் வேண்டாம். அக்கடலை அவன் நாள்தோறும் பார்க்கின்றான்.

நயினாதீவு வழிபாட்டுக்குரிய இடம். சக்தி வழிபாட்டினர்க்கு நாகபூஷணி அம்மன் கோயிலும், பௌத்தர்க்கு நாகதீப விகாரையும் அங்கே உள்ளன. நாக மன்னர் இருவர் மணியாசனத்துக்காகப் பொருதபோது புத்தபிரான் வந்து சமாதானஞ் செய்தார் என்னும் மகாவம்ச மரபை நம்பித் தென்னிலங்கையிலிருந்தும் பெருந்தொகையானோர் வருகின்றனர். மணிமேகலை கூறும் மணிபல்லவம் இதுவே எனக் கருதும் அறிஞரும் உளர். அக்காப்பியத்தில் அமுதசுரபி கிடைத்த இடம் மணிபல்லவமாதலின், கோயில் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயரிட்டுள்ளனர். அங்கே பந்தியில் இருப்போர் இலையில் உண்ணக்கூடிய அளவே வாங்குக. அந்த அரிசியும் மரக்கறியும் விறகும் கடல் கடந்து வந்தவை. ஆலயத்துள் ஆடவர் மேலாடை களைந்து செல்லுதலும், இரு தலங்களிலும் அடக்கமாக உடுத்துப் பாதணி களைந்து நிற்றலும் மரபு. தலத்துக்குத் தலம் வழக்கம் வேறுபடும், ஐயுற்றாற் கேட்டறிக. பிறர் கண்மூடித் தொழும்போது முன்னே நின்று படம் எடுத்தலைத் தவிர்க்க.

நெடுந்தீவு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அங்கே சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகளும், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும், பெருக்கமரமும், காட்டுக்குதிரைகளும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. கல்வேலியின் ஒரு கல்லை நினைவுக்கென எடுத்துப் போனால் ஒரு தோட்டத்துக்குள் மாடு நுழையும். மரத்திற் பெயர் செதுக்கினால் ஊராரே அப்பெயரைப் பழித்துப் படிப்பர். குதிரைகள் ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் என்பர். கோடையில் தண்ணீரும் புல்லும் இன்றி அவற்றுட் பல மடிகின்றன. 2015ஆம் ஆண்டில் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அவற்றைத் துரத்திப் படம் எடுத்தல் விளையாட்டன்று. தாகத்தோடு நிற்கும் விலங்கை ஓடவைத்தல் கொடுமை.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் ஒரு நினைவிடமும் உண்டு. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் பயணஞ் செய்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். அவர்களுடைய உறவினர் அத்தீவில் இன்றும் வாழ்கின்றனர். நினைவிடத்தின்முன் சிறிது நேரம் தலைகுனிந்து நில்லுங்கள். அங்குள்ள முதியோரைச் சூழ்ந்துகொண்டு "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று வற்புறுத்தவேண்டாம். அவர்களாகச் சொல்ல வந்தால் இருந்து கேளுங்கள். இடையில் எழுந்து படகுக்கு ஓடாதீர்கள்.

அவ்வாறே புங்குடுதீவிலும் வேலணையிலும் வழிநெடுகக் கூரையிழந்து நிற்கும் கல்வீடுகளைக் காண்பீர்கள். 1990களின் தொடக்கத்திற் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பியோர் சிலர்; திரும்பாதோர் பலர். அவ்வீடுகள் ஆளில்லாதவை, உடையவர் இல்லாதவையல்ல. அவற்றினுள் நுழைந்து நிலையையும் ஓட்டையும் பெயர்த்தலும், பாழ்மனைகளைக் காட்சிப்பொருளாக்கிச் சிரித்து நின்று படம் பிடித்தலும் தகா. படலை இருந்தால் படலையில் நின்று கூப்பிடுங்கள். படலை இல்லாவிடினும் அது ஒருவருடைய வளவு.

இவ்வளவு கட்டுப்பாடு சொன்னால் எவர்தாம் வருவார், வருவோரால் வரும் வருவாயும் போய்விடுமே என்று வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. படகுக்காரரும், முச்சக்கர வண்டிக்காரரும், சிறு தேநீர்க்கடை வைத்திருப்போரும், பனையோலையில் பெட்டி இழைக்கும் பெண்களும் விருந்தினரை நம்பி வாழ்கின்றனர். வராதீர்கள் என்று நாம் ஒருகாலும் சொல்லோம். ஆனால், சோற்றுப் பொதியையும் தண்ணீர்ப் போத்தலையும் பட்டினத்திலே வாங்கி வந்து, குப்பையை மாத்திரம் தீவில் விட்டுப்போகும் பயணத்தால் ஊருக்கு என்ன வருவாய்? முதல்நாளே சொல்லிவைத்தால் ஒடியற்கூழ் காய்ச்சித் தர ஆட்கள் உண்டு. பனாட்டு, புழுக்கொடியல், பனங்கட்டி, கருவாடு என்பவற்றை உள்ளூரில் வாங்குங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். வெளிநாட்டில் ஒரு கோப்பை கோப்பிக்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கே ஓலைப்பெட்டிக்காரியோடு பேரம்பேசுதல் நமக்கு அழகன்று. கட்டுப்பாட்டினால் வருவாய் குறையும் என்பதினும், கிணறு சவராகிக் குடிகள் அகன்றபின் விருந்தினரை வரவேற்க ஆளிருக்கமாட்டார் என்பதே எமது அச்சம்.

ஈற்றில், பழைய மாணவர்களுக்கு ஒரு சொல். தீவகத்தார் விருந்தினராயிருத்தலையும் நன்கறிந்தவர்கள். காகம் பறவாத இடமுமில்லை, காரைதீவார் போகாத இடமுமில்லை என்பது நம்மூர்ப் பழமொழி. புங்குடுதீவாரும் காரைநகராரும் தென்னிலங்கை நகரெங்கும் கடை வைத்து வாழ்ந்தனர். கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் நாடுநாடாகச் சென்று தமிழாய்வுக்கு உலக அரங்கு அமைத்தார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியதற்கு அவரே முதல்வர். போன இடங்களில் அவ்வூர் மொழியையும் வழக்கத்தையும் மதித்தே நம்மவர் நற்பெயர் பெற்றனர். பிறநாட்டில் வரிசையில் நின்று, குப்பையை வகைபிரித்துப் போட்டு, அயலாருக்கு இடையூறின்றி வாழப் பழகிய நீங்கள், பிறந்த ஊருக்கு வரும்போது அப்பழக்கத்தை விமான நிலையத்தில் விட்டுவருதல் எங்ஙனம் பொருந்தும்? உரிமையுடையோன் என்பதனால் ஒருவன் விருந்தினனாகாது போவதில்லை. உங்கள் பிள்ளைகளோ அவ்வூரை முதன்முதலாகக் காண்கின்றனர். அவர்கள் ஊரைக் கற்பது உங்கள் நடையைப் பார்த்தே.

உங்களிற் பலருக்குத் தீவகத்தில் வளவும் கிணறும் உண்டு. பல கிணறுகள் பற்றைமூடிக் குப்பை நிறைந்து கிடக்கின்றன. ஊருக்கொரு தோரணவாயில் கட்டக் காட்டும் ஆர்வத்தில் ஒரு பகுதியைக் கிணற்றின்பால் திருப்புமாறு வேண்டுகின்றோம். ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குங்கள். அயலிலுள்ள கேணியையோ குளத்தையோ தூர்வாரி, மழைநீர் கடலுக்கு ஓடாமல் நிலத்தில் இறங்க வழி செய்யுங்கள். மாணவர்களும் கோடை விடுமுறையில் அப்பணிக்குத் தோள் கொடுக்கலாம்; மண்வெட்டி பிடித்தலும் கல்வியே. கல்லூரியின் பெயர் பொறித்த சலவைக்கல்லிலும், கார்த்திகை மழையில் நிரம்பி நிற்கும் ஒரு குளம் கல்லூரிக்கு மேலான புகழைத் தரும்.

பராக்கிரமபாகுவின் கல்வெட்டு வந்தோரைக் காக்குமாறு எம்மைப் பணித்தது. அதனைத் தீவகத்தார் இன்றளவும் தம்மால் இயன்றவரை காத்து வருகின்றனர். வருவோரும் தம் பங்கைச் செலுத்துவாராயின், இன்னும் பல தலைமுறைக்குத் தீவகத்துப் படலைகள் திறந்தே இருக்கும். வருவோர்க்குக் கொடுக்கச் செம்பில் நல்ல தண்ணீரும் இருக்கும்.